எந்த வவ்வாலைச் சொல்றீங்க?

ஐப்பசி பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் வந்து குவியும். ஒன்று, "பட்டாசு வெடிக்காதீர்கள், பறவைகளும் வவ்வால்களும் பாவம்." இன்னொன்று, "எங்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போடாதீர்கள்." முதலாவதை அனுப்புகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் கூட்டாளிகள். இரண்டாவதை அனுப்புகிறவர்கள் சொந்தபந்தங்கள். நடுவில் நான். தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆலையும் சூழ்ந்த சிவகாசிப் பக்கத்தில் வளர்ந்தவன். பொழுது சாய்ந்தால் கண்மாய்க்கரையில் போய் நின்று வவ்வால் பார்க்கிறவன்.

இரண்டு கட்சிக்கும் நான் கேட்பது ஒரே கேள்விதான். எந்த வவ்வால்?

உலகத்தில் 1,400க்கும் மேற்பட்ட வவ்வால் இனங்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் 120க்கு மேல். எல்லாம் ஒரே மாதிரி பறப்பதில்லை, ஒரே மாதிரி தின்பதில்லை. முக்கியமாக, ஒரே மாதிரி கேட்பதில்லை. வெடிச் சத்தம் எதைப் பாதிக்கும், எதை அவ்வளவாகப் பாதிக்காது என்று பேச வேண்டுமென்றால், அது எப்படிச் சாப்பாடு தேடுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சிறகைப் பார்த்தால் சாப்பாடு தெரியும்

வவ்வாலின் சிறகு உண்மையில் அதன் கைதான். கட்டைவிரல் மட்டும் கொக்கி போல வெளியே நிற்கும். மற்ற நான்கு விரல்களும் நீண்டு வளர்ந்து, அவற்றுக்கு நடுவே மெல்லிய தோல் விரிந்திருக்கும். அந்தத் தோலுக்குள்ளேயே தசையிழைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வீச்சிலும் விரலை மடக்கி, தோலை இறுக்கித் தளர்த்தி, சிறகின் வளைவையே மாற்றிக்கொள்ளும். பாலூட்டிகளில் சிறகடித்துப் பறக்கிற ஒரே கூட்டம் இதுதான்.

நீளமாக, ஒடுக்கமாகச் சிறகு இருந்தால் அந்த வவ்வால் திறந்த வானத்தில் வேகமாகப் போகும். சட்டென்று திரும்ப வராது. அகலமான குட்டைச் சிறகு என்றால் மெதுவாகப் பறக்கும். ஆனால் கிளைக்கும் கிளைக்கும் நடுவே புகுந்து வளையும். முதலாவது வகை உயரத்தில் பூச்சி பிடிக்கும். இரண்டாவது வகை மரத்தடியிலும் புதரோரத்திலும் வேட்டையாடும்.

குரலும் இதே கணக்குத்தான். வவ்வால் நமக்குக் கேட்காத உச்ச ஒலியை எழுப்பி, அது எதிரொலித்து வருவதைக் கொண்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கிறது என்பதை 1938இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின் கருவி வைத்துப் பதிவு செய்து தொடங்கிவைத்தார். ஒலியின் அதிர்வெண் கூடக்கூட அது காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் சின்னஞ்சிறு பூச்சியையும் காட்டிக்கொடுக்கும். அதிர்வெண் குறைந்தால் தூரம் போகும், நுணுக்கம் குறையும். எனவே உயரத்தில் பறப்பவை தாழ்ந்த சுருதியிலும், இலைகளுக்கு நடுவே திரிபவை மிக உச்ச சுருதியிலும் கத்துகின்றன.

கத்துகின்றன என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சில பூச்சியுண்ணி வவ்வால்களின் குரல் 10 செ.மீ. தூரத்தில் 120 டெசிபலைத் தாண்டுகிறது. நம் ஊர் வெடிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். அளக்கிற தூரம் வேறு வேறு என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் நாலைந்து கிராம் எடையுள்ள பிராணியின் தொண்டையிலிருந்து இவ்வளவு வருகிறது! தன் சத்தத்தில் தன் காதே செவிடாகாமல் இருக்க, கத்துவதற்குச் சற்று முன்பே நடுக்காதின் தசை இறுகிக்கொள்ளும். எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கிறது.

தெருவிளக்குக்காரர்கள்

நம் ஊரில் எல்லோரும் தினமும் பார்ப்பது இந்தச் சின்ன வவ்வால்களைத்தான். ஓட்டிடுக்கிலும் சுவர் விரிசலிலும் பழைய கட்டட மூலையிலும் குடியிருக்கும் பிப்பிஸ்ட்ரெல் வகை. மிகச் சிறிய இனத்துக்கு நான்கு கிராம் எடை தேறினால் அதிகம். வெளிச்சம் முழுதாக மறையும் முன்பே வெளியே வந்து, தெருவிளக்கைச் சுற்றி ஒடித்து ஒடித்துப் பறக்கும். அந்த ஒவ்வொரு ஒடிப்பும் பெரும்பாலும் ஒரு பூச்சிக்கான முயற்சி.

பூச்சி தேடும்போது நொடிக்குப் பத்து முறை வாக்கில் ஒலியெழுப்பும். பூச்சி சிக்கியது தெரிந்ததும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், கடைசி கணத்தில் நொடிக்கு 150, 200 வரை எட்டும். பூச்சியை வாயால் நேரே கவ்வுவது குறைவு. சிறகு நுனியால் தட்டி, வாலோரத் தோலைப் பை போல மடித்து அதில் ஏந்தி, தலையைக் குனிந்து எடுத்துக்கொள்ளும். கொசுவும் இந்தக் கணக்கில் சேரும்.

கோபுர உயரத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் மாதிரி உயரமான இடம் பக்கத்தில் இருந்தால், பொழுது இறங்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். நீண்ட சிறகோடு, திரும்பாமல் நேரே விரைகிற வவ்வால் தெரிந்தால் அது கல்லறை வவ்வால் என்கிற டாஃபோசோஸ் வகையாகவோ, வால் நீட்டிக்கொண்டிருக்கும் டடாரிடா வகையாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. பழைய கோயில்களும் பாறை இடுக்குகளும் இவற்றின் இருப்பிடம். தாழ்ந்த சுருதியில் கத்துவதால் தொலைவிலேயே பூச்சியைக் கண்டுகொள்ளும். அந்த வேகத்துக்கு அது வேண்டும்.

எலிவால் வவ்வால் என்று இன்னொன்று. எலிக்கு இருப்பது போலவே மெல்லிய நீளவால் தொங்கும். மதுரைப் பக்கத்துக் குகைகளில் இதை ஆராய்ந்த யோர்க் ஹாபர்செட்சர் என்ற ஜெர்மானியர் 1981இல் ஓர் அருமையான விஷயத்தை எழுதினார். தனியாகப் பறக்கும்போது இது 32.5 கிலோஹெர்ட்ஸ் சுருதியில் ஒலிக்கும். கூட்டமாகப் பறக்கும்போது 30, 32.5, 35 என்று ஆளுக்கொரு சுருதிக்குப் பிரிந்துகொள்ளும். அடுத்தவர் எதிரொலியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவும்.

மதுரைக் குகைகளின் பாடம்

வவ்வால் விஷயத்தில் நம் வட்டாரம் உலகப் புகழ் பெற்றது. விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உருவாக்கிய விலங்கு நடத்தையியல் துறையும், ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலர் குழுவும் சேர்ந்து பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள மலைக்குகைகளில் வேலை செய்தார்கள். ஒரே வட்டாரத்தில் வாழும் வவ்வால் இனங்கள் வானத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை இங்கே வைத்துத்தான் நாய்வைலர் 1984இல் விரிவாக எழுதினார். மர உச்சிக்கு மேலே ஒருவர், மரங்களுக்கு நடுவே ஒருவர், தரையை ஒட்டி ஒருவர். ஒருவர் பந்திக்கு அடுத்தவர் போவது குறைவு.

இலைமூக்கு வவ்வால் (ஹிப்போசிடெரஸ்) இந்தப் பங்கீட்டில் மரங்களுக்கு நடுவே இருப்பது. மூக்கைச் சுற்றி இலை மாதிரி தோல்மடிப்பு. ஒலி வாய் வழியாக வராமல் மூக்கு வழியாக வரும். இங்குள்ள ஹிப்போசிடெரஸ் ஸ்பியோரிஸ் 135 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கிறது. மனிதக் காதின் எல்லை 20. தெருவிளக்கு வவ்வாலின் குரல் மேலிருந்து கீழே சரியும். இதனுடையது நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து பிடிப்பவர் போல ஒரே சுருதியில் நின்று, முடிவில் மட்டும் இறங்கும். அந்த நிலையான சுருதியின் மேல் ஒரு பூச்சி சிறகடித்தால் எதிரொலி நடுங்கி வரும். ஆடும் இலையையும் அடிக்கும் சிறகையும் பிரித்துச் சொல்ல அந்த நடுக்கம் உதவுகிறது.

இதே வவ்வாலை வைத்து மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம். வெளிச்சமே புகாத குகைக்குள் ஒரு வவ்வாலைக் கூண்டில் வைத்தார்கள். பகல், இரவு எதுவும் அதற்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் குகையில் உள்ள மற்றவை சாயங்காலம் கிளம்புகிற நேரத்தோடு இதுவும் விழித்துப் பறக்க முயன்றது. கூட்டம் இல்லாத இடத்தில் தனியே வைத்தபோது அதன் கடிகாரம் நாளுக்கு நாள் நகர்ந்து போனது. பொழுது சாய்ந்த செய்தியைக் கூட்டாளிகளிடமிருந்தே அது வாங்கிக்கொள்கிறது.

காலடி கேட்கும் காது

இனி நான் அதிகம் கவலைப்படுகிற வவ்வால். மெகடெர்மா லைரா. ஆங்கிலத்தில் போலி ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது ரத்தம் குடிப்பதில்லை. பாழடைந்த மண்டபம், கைவிட்ட கிணறு, குகை ஆகியவற்றில் இருக்கும். 40 கிராம் வாக்கில் எடை. இரண்டு பெரிய காதுகளும் நெற்றிக்கு மேலே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

வெட்டுக்கிளி, தவளை, பல்லி, சுண்டெலி, சின்னப் பறவை, ஏன், வேறு வவ்வால்கூட இதற்கு இரை. தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் தாழப் பறந்தே தேடும். 1987இல் மாரிமுத்துவும் நாய்வைலரும் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: தவளை நகரும்போது தரையில் எழும் சரசரப்பைக் கேட்டே இந்த வவ்வால் பாய்கிறது. எதிரொலி இதற்கும் வரும். ஆனால் தரையில் கிடக்கும் இரையின் எதிரொலி, கல், செத்தை எல்லாவற்றின் எதிரொலியோடும் கலந்துவிடும். அங்கே காலடிச் சத்தம்தான் நம்பகமான துப்பு.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சத்தத்தைக் கேட்டு வாழ்கிற ஒரு பிராணிக்கு, ஊர்ச் சத்தம் என்பது பசி. ஜெர்மனியில் இதே போலத் தரைச் சரசரப்பைக் கேட்டு வேட்டையாடும் பெரிய எலிக்காது வவ்வாலை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். சாலைச் சத்தம் ஒலிக்கும் பக்கத்தை அது தவிர்த்தது என்று 2008இல் முடிவு வந்தது.

பழம் தேடுகிறவர்கள்

"ஏம்ப்பா, அதுக்குத்தான் கண்ணே தெரியாதே, பெறகு எப்படி மரம் பாத்து எறங்குது?" என்று எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சி கேட்டார்.

கண் நன்றாகத் தெரியும், அண்ணாச்சி. எந்த வவ்வாலும் குருடு கிடையாது. பெரிய பழந்தின்னி வவ்வாலுக்கு எதிரொலி வித்தை அறவே இல்லை. மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்ற பெரிய கண்ணும் நல்ல மூக்கும்தான் அதன் மூலதனம். ஒரு கிலோவைத் தாண்டும் எடை, விரித்தால் 1.2 மீட்டருக்கு மேல் அகலும் சிறகு. ஆலமரம், அரசமரம், மருதமரம் என்று வெட்டவெளியில் பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். சூரியன் மறைந்து அரைமணி வாக்கில் கிளம்பி, மெதுவாகச் சிறகடித்துப் பல கிலோமீட்டர் போய், அத்தி, ஆல், இலுப்பை, மா, வேம்பு என்று மேய்ந்துவிட்டு விடியுமுன் திரும்பும்.

சின்னப் பழந்தின்னி (சைனோப்டெரஸ்) வேறு ரகம். பனைமரத்தின் காய்ந்த ஓலைக்குள்ளும் குலைக்குள்ளும் பதுங்கும். ஆண் வவ்வால் நெட்டிலிங்க மரத்தின் இலைகளையும் கொடிகளையும் கடித்து ஒதுக்கிக் கூடாரம் அமைத்துப் பெண்களை அழைக்கும் என்று 1990களில் பாளையங்கோட்டையில் நடந்த ஆய்வுகள் காட்டின. இது பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. வாசனை பிடித்து வந்து, கவ்விக்கொண்டு, சற்றுத் தள்ளி வேறு மரத்துக்குப் போய்விடும். பழ மரத்தில் பதுங்கியிருக்கும் ஆந்தைக்கும் பாம்புக்கும் தப்ப அது நல்லது. சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். உங்கள் வீட்டுச் சுவரில் காலையில் கறை இருந்தால் திட்டாதீர்கள். அதே வழியில்தான் வேப்பங்கொட்டை ஊர் முழுக்கப் போகிறது. இலவ மரம் இரவில் பூப்பது இந்த வவ்வால்களை நம்பித்தான். சைனோப்டெரஸும் பெரிய பழந்தின்னியும் இலவம்பூவுக்கு மகரந்தம் சுமப்பதை மதுரை ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள்.

மூன்றாவது, ரூசெட்டஸ். இது மட்டும் இருட்டான கிணற்றிலும் குகையிலும் தங்கும் பழந்தின்னி. அங்கே கண் உதவாது. ஆகவே நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி எதிரொலி கேட்டு வழி தேடும். பூச்சியுண்ணிகள் தொண்டையால் செய்வதை இது நாக்கால் செய்கிறது.

நம் மாவட்ட எல்லையில் இன்னொரு அபூர்வமும் உண்டு. 1948இல் மேகமலையில், தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னியைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரண வவ்வால் என்ற சீட்டோடு அது அலமாரியில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, புதிய பேரினம் என்று கண்டு, லாடிடென்ஸ் சலிமாலீ என்று பறவையியலாளர் சாலிம் அலி பெயரைச் சூட்டினார். அழியும் நிலையில் உள்ள இனம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது புலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த மலைக்கு இந்த வவ்வாலும் ஒரு பெருமை.

இனி பட்டாசுக்கு வருவோம்

வெடிச் சத்தத்தின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண். 135 கிலோஹெர்ட்ஸில் எதிரொலி கேட்கிற இலைமூக்கு வவ்வாலின் வேட்டைக்கு அது நேரடியாகக் குறுக்கே வருவது குறைவு. பகலில் அது கல்லுக்கு உள்ளே வேறு இருக்கிறது. விரிசலில் இருக்கும் தெருவிளக்கு வவ்வாலுக்கும் ஓரளவு மறைப்பு உண்டு. திடுக்கிடாது என்று சொல்லவில்லை. முதல் அடி வாங்குவது அவை இரண்டும் இல்லை என்கிறேன்.

முதல் அடி பெரிய பழந்தின்னிக்கு. மறைப்பே இல்லாத மரத்தில், பகலில் தூங்குகிறது. அதன் காது நம் காது கேட்பதில் பெரும்பகுதியைக் கேட்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று கட்டுப்பாடு வைத்தது. தமிழ்நாடு அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. இதைப் பழந்தின்னியின் பக்கத்திலிருந்து பாருங்கள். இரவு ஏழு மணிக்கு அது மேயப் போய்விட்டிருக்கும். காலை ஆறு மணிக்கு இரவு முழுக்கப் பறந்த களைப்போடு அப்போதுதான் வந்து தொங்கியிருக்கும். அதற்குக் காலை வெடிதான் கொடுமை. லைராவுக்கு நேர் எதிர்: காது தீட்டி வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில் வருகிற இரவு வெடிதான் வயிற்றிலடிப்பது.

அடுத்தது யாரும் பேசாத விஷயம், மாதம். பெரிய பழந்தின்னி குட்டி போடுவது பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரை வாக்கில். ஆண்டுக்கு ஒரே குட்டி. முதல் சில வாரங்கள் அது தாயின் மார்பைக் கவ்விக்கொண்டே இருக்கும். மரம் அதிர்ந்து கூட்டம் சிதறினால் குட்டி விழும். அந்த மாதங்களில் நம் ஊரில் என்ன நடக்கிறது? விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கல், இடையில் ஒவ்வொரு கிராமத்துக் கோயில் கொடை. வேட்டில்லாமல் கொடை ஏது? தீபாவளிக்கு மட்டும் வவ்வாலை நினைத்து வருந்துகிற நாம், குட்டி சுமக்கும் மாதங்களில் மரத்தடியிலேயே சரவெடியைக் கொளுத்துகிறோம்.

இதில் சட்டமும் நெடுங்காலம் ஒத்துழைக்கவில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரிகள் என்ற ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022 திருத்தம்தான் அந்தப் பட்டியலையே எடுத்தது. ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி வலை போட்டுப் பிடிக்கிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வவ்வால் கறி இளைப்பைக் குணப்படுத்தாது. 2018இல் கேரளாவில் நிபா வந்ததும் மரத்தை வெட்டு என்று கிளம்பியவர்களும் உண்டு. கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், வெறுங்கையால் வவ்வாலைத் தொடாதீர்கள். அது போதும். விரட்டினால் வவ்வால் இன்னும் நாலு ஊருக்குச் சிதறும், அவ்வளவுதான்.

வெடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திருச்சி மாவட்டத்துத் தோப்புப்பட்டி, சாம்பட்டி மக்கள் ஆலமரத்து வவ்வால்களுக்காகவே வெடியை விட்டவர்கள். அங்கே யாரும் சட்டம் போடவில்லை.

நான் பட்டாசை ஒழிக்கச் சொல்லவில்லை. என் தெருவில் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. சிவகாசியில் செய்வதை உலகம் முழுக்க வெடிக்கட்டும். பழந்தின்னி தொங்கும் மரத்துக்குக் கீழே வேண்டாம். இருட்டிய பின் மருந்து வேலை கிடையாது என்பதால் ஆலை வளாகங்கள் இரவில் ஓய்ந்து கிடக்கின்றன. அங்குள்ள வேப்பமரங்களை அப்படியே விட்டுவைத்தால் முதலாளிமாருக்குச் செலவு ஒன்றும் இல்லை. பழைய கிணற்றை மூடுமுன், மண்டபத்துக்கு வெள்ளையடிக்குமுன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் பழந்தின்னி மரம் எது என்று இந்த வாரமே பார்த்து வையுங்கள். மாசி பிறக்குமுன் கொடைக் கமிட்டிப் பெரியவர்களிடம் போய், "வேட்டு அந்த மரத்துப் பக்கம் வேண்டாம், ஊருக்கு அந்தாண்ட வச்சுக்கிடுவோம்" என்று சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டால் அடுத்த ஆண்டும் சொல்லுங்கள்.